தண்ணீர் குடித்த சர்ஃப் போர்டு: மொட்டை மாடி வெயில் போதுமா?

அலைவாசி:
சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தில் ஓட்டும் போர்டு. 7 அடி 6 அங்குலம், உள்ளே தெர்மாகோல், மேலே எப்பாக்ஸி ரெசின் பூசிய ஃபைபர் தோல். நடு ஃபின் பாக்ஸ் (அடியில் துடுப்பு மாதிரி ஃபின் மாட்டும் குழி) ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்கு முடி மாதிரி விரிசல். வாலைக் கீழே சாய்த்துப் பிடித்தால் அதிலிருந்து சொட்டுச் சொட்டாக உப்புத் தண்ணீர் வருகிறது. வாங்கியபோது 5.4 கிலோ, இப்போது 6.3. இரண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் போட்டால் காய்ந்துவிடுமா? படகுக்கு ஃபைபர் அடிப்பவர்கள் வாங்கும் கடையில் ரெசினும் மேட்டும் (நெய்யாத ஃபைபர் இழை விரிப்பு) மலிவு. அதையே போட்டு அடைக்கலாமா?

ரெசின்கை:
இரண்டும் வேண்டாம். முதலில் வெயில். சூட்டில் தெர்மாகோலுக்குள் இருக்கும் காற்று விரியும், ஈரம் ஆவியாகும். வெளியே போக முடி அளவு வழிதான் இருக்கிறது என்றால் மேல்தோலைத் தூக்கிவிடும். அப்படித் தோல் பிரிந்தால் இந்த விரிசலைவிடப் பத்து மடங்கு வேலை.

அடுத்தது ரெசின். படகுக்கடையில் கொடுப்பது பெரும்பாலும் பாலியஸ்டர். அதில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைக்கும். டிவி பெட்டியில் வந்த தெர்மாகோல் துண்டில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், கண் முன்னே குழி விழும். உங்கள் போர்டுக்கு எப்பாக்ஸி மட்டும்தான். மேட்டும் வேண்டாம். அதன் இழைகளைப் பிடித்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் இளகும். எப்பாக்ஸியில் இளகாமல் விறைத்துக்கொண்டு நிற்கும். நெய்த ஃபைபர் துணி வாங்குங்கள்.

காயவைக்க விரிசலைத் திறந்தே ஆக வேண்டும். கூரான கத்தியால் தோலைச் சீவி, நெகிழ்ந்த ஃபோமைச் சுரண்டி எடுங்கள். தெர்மாகோலை உற்றுப் பார்த்தால் ஜவ்வரிசி ஒட்டிக்கொண்ட மாதிரி மணி மணியாக இருக்கும். மணிக்குள் தண்ணீர் அதிகம் போகாது, மணிகளுக்கு நடுவே உள்ள இடுக்கில்தான் நிற்கும். அதனால்தான் மெதுவாக வருகிறது. திறந்த இடத்தை மட்டும் நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள். உப்பு தங்கினால் காற்றிலுள்ள ஈரத்தை மறுபடி இழுக்கும்.

பிறகு காயம் தாழ்வான இடத்தில் இருக்கும்படி வாலைக் கீழே வைத்து, நிழலில், ஃபேன் காற்றில் சாய்த்து நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் ஃபேன் ஈரக்காற்றையேதான் சுழற்றும். அப்போது ஏசி அறையே நல்லது. கம்ப்ரசர் காற்றை உள்ளே அடிக்கவே கூடாது.

இரண்டு நாளுக்கு ஒருமுறை எடை போட்டுச் சுவரில் குறித்து வையுங்கள். ஒரு வாரம் எடை இறங்காமல் நின்றால்தான் காய்ந்ததாக அர்த்தம். மூன்று வாரமும் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம்.

அலைவாசி:
நன்றி அண்ணா. 16 நாள் ஆகிறது. 5.8 கிலோவுக்கு வந்து நான்கு நாளாக அங்கேயே நிற்கிறது. இன்னும் 400 கிராம் தண்ணீர் உள்ளே இருக்கிறதா?

ரெசின்கை:
கால் வழுக்காமல் இருக்க மேலே தேய்க்கும் வேக்ஸைச் சுரண்டினீர்களா? ஃபின், லீஷ் (காலில் கட்டும் கயிறு) எல்லாம் கழற்றினீர்களா? வாங்கியபோது போட்ட எடையில் இவை இருந்திருக்காது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி தராசில் தொங்கவிடுங்கள். அதற்குப் பிறகும் 100 கிராமுக்கு மேல் வித்தியாசம் என்றால் வேறு இடத்தில் நீர் தேங்கியிருக்கும். ஒரு ரூபாய் நாணயத்தால் வால் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். மற்ற இடம் 'டக் டக்' என்றால், பிரிந்த இடம் மொத்தையாக ஒலிக்கும். லீஷ் மாட்டும் குழியைச் சுற்றியும் சோப்பு நுரை தடவி, காலை இளவெயிலில் பத்து நிமிடம் மட்டும் வைத்துப் பாருங்கள். குமிழி வரும் இடத்தில் ஓட்டை.

அலைவாசி:
எல்லாம் கழற்றினால் 5.45. வேறு எங்கும் குமிழி இல்லை.

ரெசின்கை:
அப்படியே இன்னும் மூன்று நாள் விட்டுப் பாருங்கள். எடை அசையாவிட்டால் அடைக்கலாம்.

காயத்தைச் சுற்றி 5 செ.மீ. அகலத்துக்கு 80 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேயுங்கள். எப்பாக்ஸி ரெசினையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் 30 கிராம் அளவாகக் கலக்குங்கள். டப்பாவில் போட்டிருக்கும் விகிதம் எடைக்கா கன அளவுக்கா என்று பாருங்கள். இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். சீக்கிரம் இறுக வேண்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் என்றைக்கும் பிசுபிசுப்பாகவே இருக்கும்.

பள்ளத்துக்கு எப்பாக்ஸியில் மைக்ரோபலூன் தூளை (உள்ளே வெற்றிடமான நுண்ணிய மணிகள்) கலந்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்தில் நிரப்புங்கள். ஃபின் பாக்ஸை ஒட்டிய இடத்தில் பொடியாக நறுக்கிய ஃபைபர் இழையும் சேருங்கள், வெறும் மைக்ரோபலூன் அங்கே ஃபின் கொடுக்கும் இழுவையைத் தாங்காது. ஒரே நேரத்தில் 1 செ.மீ.க்கு மேல் ஊற்றினால் இறுகும் சூட்டிலேயே தெர்மாகோல் சுருங்கிவிடும்.

அதன் மேல் சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள ஃபைபர் துணி இரண்டு அடுக்கு: முதலாவது காயத்தைவிட எல்லாப் பக்கமும் 2 செ.மீ. பெரிது, இரண்டாவது 4 செ.மீ. துணி போடுவதை மாலையில் செய்யுங்கள். காலையில் போட்டால் நேரம் ஏற ஏற ஃபோம் காற்று விரிந்து ரெசினில் குமிழி கிளப்பும். மறுநாள் தண்ணீரில் துடைத்துவிட்டு (மேலே மெழுகுபோல ஒரு படலம் இருக்கும்) 120, 220, 400 என்று தேயுங்கள். கடலில் இறக்க ஒரு வாரம் பொறுங்கள்.

பொத்துவிலான்:
அறுகம்பைப் பக்கம் பாறையில் அடிபட்டு வருகிற போர்டுகளில் பாலியூரித்தேன் ஃபோமும் நிறைய இருக்கும். அதை வைத்திருப்பவர்களுக்காக ஒரு சொல். அதற்குப் பாலியஸ்டர் சரி. அந்த ஃபோமில் தண்ணீர் தூரம் ஓடாது, காயத்தைச் சுற்றியே நிற்கும். பழுப்பாகிக் கையில் உதிர்கிற பகுதியை வெட்டி எறிய வேண்டும்.

கடையில் பாலியஸ்டரை இறுகவைக்கும் கேட்டலிஸ்டும், அதை வேகப்படுத்தும் கோபால்டும் தனித்தனிப் போத்தலில் தந்தால், அவை இரண்டையும் ஒருபோதும் நேரே கலக்காதீர்கள், வெடித்துத் தீப்பிடிக்கும். முதலில் கோபால்டை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்து, கடைசியாகத்தான் கேட்டலிஸ்ட். எங்கள் வெக்கைக்கு 100 கிராம் ரெசினுக்கு 1 மி.லி. கேட்டலிஸ்ட் போதும். கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டுக் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.