புது வீட்டுச் சுவரில் விரிசல்: பில்டரிடம் இழப்பீடு வாங்கியவர்கள் யாராவது?

வணக்கம். கிருஷ்ணகிரியில் பில்டரிடம் வீடு வாங்கி, போன தை மாதம்தான் பால் காய்ச்சினோம். இப்போது ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல், பத்து ரூபாய் நாணயமே நுழைகிறது. "புது வீடுன்னா அப்படித்தான் சார்" என்று பட்டி பூசிவிட்டுப் போனார்கள். ஒரே மாதத்தில் மறுபடியும் வாய் பிளந்துவிட்டது.

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த 5 வருடத்துக்குள் குறையைச் சொன்னால் பில்டர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும்; இல்லையென்றால் இழப்பீடு. ஆனால் எங்களுடையது மொத்தமே ஆறு வீடு, ரெரா பதிவு கிடையாது. அப்புறம் நுகர்வோர் ஆணையம்தான் வழி என்கிறார் மச்சான் (வக்கீல் இல்லை, ஆனாலும் சொல்வார்).

அங்கே வழக்குப் போட்டவர்கள் இருக்கிறீர்களா? பொறியாளர் அறிக்கையை நாமே முதலில் வாங்கி வைக்க வேண்டுமா? மறுபடி பட்டி பூச நாளைக்கு ஆள் வருகிறார்களாம், விடலாமா?