சேற்றுக்குளத்து நீர் கரை தாண்டியதை நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

கருப்பூரான்:
பாக்சைட் தாதுவிலிருந்து அலுமினியத்துக்கான மூலப்பொருளைப் பிரிக்கும் வெளிமாநிலத்து அலுமினா ஆலை ஒன்றில் ஒப்பந்தப் பணியில் இருந்தபோது நடந்தது. ஆலைக் கழிவான சிவந்த சேற்றைத் தேக்கும் செஞ்சேற்றுக்குளத்தில் சேறு படிந்தபின் மேலே தேங்கும் நீரை ஆலைக்கே திருப்பி அனுப்பும் குழாய், இரவு ஷிப்டு மாறும் வேளையில் ஓர் இணைப்பில் பிய்த்துக்கொண்டு, மழைநீர் வாய்க்காலுக்குள் கொட்டத் தொடங்கியது. செந்நிறத்தைத் தேடியே எல்லோரும் டார்ச் அடித்துக்கொண்டிருந்தோம். ஓமலூரிலிருந்து என்னுடன் வந்திருந்த வெல்டர் தம்பி, கைக்கரியைக் கழுவ அந்த வாய்க்காலில் கையை விட்டுவிட்டு, "அண்ணே, யாரோ சோப்பு கரைச்சு விட்டிருக்காங்க, வழவழன்னு இருக்குது" என்று சிரித்தான். நீர் தெளிவாகத்தான் இருந்தது. வழவழத்தது சோப்பால் அல்ல. தாதுவைக் கரைக்க ஆலையில் சேர்க்கும் காஸ்டிக் காரம் அந்த நீரில் இருந்து, அவன் தோலின் எண்ணெயையே சோப்பாக்கிக்கொண்டிருந்தது. உடனே அவனைக் குழாயடிக்கு இழுத்துச் சென்று, எரிச்சல் அடங்கிய பிறகும் நெடுநேரம் நல்ல நீரில் கையைக் காட்டவைத்தோம். கேன்டீனிலிருந்து எலுமிச்சம்பழத்தோடு ஓடிவந்தவரை, புளிப்பைப் பிழிந்து காரத்தை முறிக்கப் பார்க்கக் கூடாது என்று மேஸ்திரி தடுத்துத் திருப்பி அனுப்பினார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் கேட்கிறது.

செட்டிச்சாவடி வாசி:
குழாய் உடைந்தால் பம்பை நிறுத்தலாம். கரை உள்ளுக்குள் அரிக்கும்போது நிறுத்துவதற்கு எந்தப் பொத்தானும் கிடையாது. ஆகவே கருப்பூரான் சொன்னதைச் சிறிய விபத்து என்றே கருதுகிறேன். எங்கள் பக்கத்து வெள்ளைக்கல் (மாக்னசைட்) சுரங்கம் ஒன்றில், குழிநீரை ஏற்றித் தெளியவைக்கும் குட்டையின் கரையடியில் வெகுகாலமாகக் கசிவு இருந்தது. தெளிந்த நீர் என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை; கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். ஐப்பசி மழையில் ஒரு காலை, அதே இடத்தில் நீர் சுண்ணாம்புத் தண்ணீர்போலக் கலங்கி வந்ததைக் காவலாளிதான் முதலில் பார்த்தார். கலங்கல் வந்தால் கரையின் மண் வெளியேறுகிறது என்று பொருள். களிமண்ணை வைத்து அடைக்க ஆட்கள் ஓடினார்கள். பெரியவர் ஒருவர் மட்டும் குறுக்கே நின்று, முதலில் மணல், அதன்மேல் சல்லி, அதன்மேல் கல் என்று பரப்பச் சொன்னார். நீர் வெளியேற வேண்டும், மண் மட்டும் உள்ளேயே நிற்க வேண்டும் என்பதே அதன் கணக்கு. அடைத்திருந்தால் உள்ளழுத்தம் வேறிடத்தில் கரையைக் கிழித்திருக்கும். மாலைக்குள் குட்டையின் நீர்மட்டத்தையும் இறக்கிவிட்டார்கள்.

ஏற்காட்டுத் தோட்டக்காரர்:
இருவரும் ஆலையையும் கரையையும் பேசுகிறீர்கள். சேர்வராயன் மலையில் பாக்சைட்டை வெட்டி எடுத்ததோடு சரி, காஸ்டிக் சேர்த்தது ஆலையில்தான். ஆகவே இங்கே கையை விட்டால் தோல் போகாது. ஆனால் எங்கள் காப்பித் தோட்டத்துக்கு மேலே இருந்த வெட்டுக்குழியின் வண்டல் தொட்டி ஒரே இரவு மழையில் நிரம்பி வழிந்தபோது, சில்வர் ஓக் நிழலில் இருந்த இளஞ்செடிகளின் கழுத்துவரை சிவந்த மண்சேறு ஏறி நின்றது. நாங்கள் குடிக்கும் ஊற்றும் அதற்குள் மூழ்கிவிட்டது. முந்தைய ஆண்டின் வண்டலை அள்ளாமலே விட்டிருந்தார்கள். புதிய மழைக்குத் தொட்டியில் இடமே இல்லை. கரை உடையவில்லை, குழாயும் வெடிக்கவில்லை.

ஓய்வுபெற்ற பம்ப் ஆபரேட்டர்:
என் அனுபவம் சிறியது: பதற்றத்தில் ஒருவர் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே வால்வை அடைத்துவிட, நன்றாக இருந்த இன்னோர் இணைப்பும் என் கண்முன் வெடித்தது. முதலில் பம்பு, பிறகு வால்வு, அதையும் மெதுவாக. இனி நான் சொல்லப்போவதை யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

குழாயின் இரு முனையிலும் அளவுமானி இருக்க வேண்டும். புறப்படும் நீரும் சேரும் நீரும் ஒத்துவராவிட்டால், இருட்டில் டார்ச் அடித்துத் தேடுவதற்கு முன்பே கசிவு தெரிந்துவிடும். வாய்க்காலையோ சாலையையோ கடக்கும் இடத்தில் குழாய்க்கு மேலுறையும், சிந்துவதைத் தாங்கும் பள்ளமும் வேண்டும். குளத்தில் நீர்மட்டத்துக்கும் கரையுச்சிக்கும் இடையே பெருமழைக்கென ஒதுக்கிய இடத்தை, ஆலையின் அன்றாட வசதிக்காகத் தின்றுவிடக் கூடாது. பெரும்பாலான வழிதல்களுக்கு வித்து அங்கேதான். சிந்திவிட்டால், ஓடும் நீருக்கு முன்னால் போய் வாய்க்காலை மண்மூட்டையால் மறித்து, தேங்கியதைக் குளத்துக்கே திருப்பி இறைக்க வேண்டும். சிந்திய இடத்தின் மேற்புறம், அந்த இடம், கீழ்ப்புறம் என மூன்றிலும் நீர் எடுத்துக் காரத்தன்மையைப் பார்க்க வேண்டும். நிறத்தை நம்பக் கூடாது என்பதில் கருப்பூரான் சொல்வது முற்றிலும் சரி. மேய்ச்சல்காரர்களுக்கும் கிணற்றுக்காரர்களுக்கும் உடனே சொல்லியாக வேண்டும், அலுவலகம் பேசி முடிவெடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. 2010 அக்டோபர் 4 அன்று ஹங்கேரியின் அய்க்காவில் செஞ்சேற்றுக்குளம் உடைந்து 10 பேர் இறந்தார்கள். பலருக்குக் காரத்தால் உடல் வெந்தது. 2019 ஜனவரி 25 அன்று பிரேசிலின் புருமாடினோவில் இரும்புத்தாதுக் கழிவின் அணை சரிந்து 270 பேர் மாண்டபோது, அபாயச் சங்கு ஒலிக்கவே இல்லை. சங்கைப் பொருத்துவதோடு கடமை முடிந்ததாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கருப்பூரான்:
ஐயா, அளவுமானி எங்கள் குழாயிலும் இருந்தது. ஷிப்டு மாறும்போது கணக்கு ஒத்துவராதது வழக்கமாகிவிட்டதால் அன்றும் யாரும் மதிக்கவில்லை. செட்டிச்சாவடி நண்பருக்கு: அந்த நீர் கால் மணி நேரத்தில் கீழே மாடு குளிப்பாட்டும் குட்டைக்குப் போய்ச் சேர்ந்தது, ஆகவே சிறிய விபத்து என்பதை ஏற்க மாட்டேன்.

செட்டிச்சாவடி வாசி:
குட்டை விஷயத்தை முதலிலேயே எழுதியிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். மாடுகளுக்கு என்ன ஆயிற்று?

கருப்பூரான்:
விடிவதற்குள் மேய்ப்பவர்களிடம் ஆள் அனுப்பிவிட்டோம். அன்று ஒரு மாடும் இறங்கவில்லை. குட்டையை முழுவதுமாக இறைத்து, அடிச்சேற்றையும் வாரி எடுத்த பிறகே திரும்பத் திறந்தார்கள்.