ஜாவாவும் ஜாவாசியும் வேறு வேறு வெர்ஷன் காட்டியதா உங்களுக்கு?

ஜாவா மொழியில் எழுதியதை ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது (கம்பைல்) ஜாவாசி, அதை ஓட்டுவது ஜாவா. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சத்துவாச்சாரியில் பக்கத்து வீட்டுத் தம்பி லேப்டாப்போடு வந்து நின்றான். கடைசி வருஷ ப்ராஜெக்ட், மறுநாள் ரிவ்யூ. "அண்ணா, கம்பைல் ஆகுது, ரன் பண்ணாத்தான் எரர்" என்றான். காலையிலிருந்து ஜாவாவை இரண்டு முறை அழித்துத் திரும்பப் போட்டிருக்கிறான். மதியம் சாப்பிடக்கூட இல்லை.

திரையில் 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எரர்'. அதற்குள் 61.0, 52.0 என்று இரண்டு எண்கள். விடையே அதில்தான் இருக்கிறது. 61 என்றால் ஜாவா 17, 52 என்றால் ஜாவா 8. பதினேழில் கம்பைல் செய்ததை எட்டு ஓட்டப் பார்க்கிறது.

'ஜாவா -வெர்ஷன்' அடிக்கச் சொன்னேன். 1.8.0 என்று வந்தது. "நான் 17 தானே போட்டேன்?" என்று பதறினான். 1.8 என்பதுதான் 8. 9 வந்தபோதுதான் முன்னால் இருந்த அந்த 1 போனது. அப்புறம் 'ஜாவாசி -வெர்ஷன்' அடித்தால் 17! இரண்டையும் கேட்காமல் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்பவர்கள்தான் அதிகம், நாள் முழுக்க வீணாவது அங்கேதான்.

'வேர் ஜாவா' என்று கேட்டதும் இரண்டு பாதைகள் வந்தன. விண்டோஸ், பாத்தில் (ப்ரோக்ராமைத் தேட வேண்டிய ஃபோல்டர்களின் பட்டியல்) முதலில் அகப்படுவதை எடுத்துக்கொள்ளும். பழைய 8 தன் ஃபோல்டரை முன்னால் சொருகி வைத்திருந்தது. அந்த ஃபோல்டரில் ஜாவாசி இல்லாததால் அது மட்டும் 17-இலிருந்து வந்திருக்கிறது. சிஸ்டம் பாத்தில் 17-ஐ மேலே ஏற்றினோம், புதுக் கமாண்ட் ஜன்னல் திறந்தோம் (ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னலுக்குப் பழைய பாத்துதான் தெரியும்), ஓடிவிட்டது.

கல்லூரி லேபில் 8 தான் என்றான். சரி, 8-இலும் ஓடட்டும் என்று 'ஜாவாசி --ரிலீஸ் 8' கொடுத்துக் கம்பைல் செய்தோம். 'வார்' என்று எழுதியிருந்த இரண்டு வரிகளை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. வகையைச் சொல்லாமல் வேரியபிள் எழுத உதவும் அந்தச் சொல் ஜாவா 10-இல்தான் வந்தது. ஒன்பது மணிக்கு அவன் அம்மா தோசையோடு வந்துவிட்டார்கள்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

ஆம்பூரிலிருந்து:
எனக்குப் பைத்தானில் நடந்தது அண்ணா. வீட்டில் ஓடின ஸ்கிரிப்ட், வேலை செய்யும் இடத்து உபுண்டு 16.04 சர்வரில் சின்டாக்ஸ் எரர். எஃப்-ஸ்ட்ரிங் (மேற்கோளுக்குள்ளேயே வேரியபிளை எழுதும் முறை) இருந்த வரியைக் காட்டியது. எழுத்துப்பிழை என்று நினைத்து அரைநாள் தேடினேன். 'பைத்தான்3 --வெர்ஷன்' கேட்டபோதுதான் 3.5 என்று தெரிந்தது, எஃப்-ஸ்ட்ரிங் 3.6-இல்தான் வந்தது. இப்போதெல்லாம் 'பிப் --வெர்ஷன்' என்றும் கேட்டுவிடுகிறேன். எந்தப் பைத்தானுக்கு அது பொருள் இறக்குகிறது என்பதை வரியின் கடைசியில் சொல்லிவிடும்.

ராணிப்பேட்டையிலிருந்து:
லேபில் இருபது மெஷினின் ஜாவா வெர்ஷனையும் ஃபைலில் சேர்க்க ஒரு பேட்ச் ஃபைல் எழுதினேன். இருபது ஃபைலும் காலி. 'ஜாவா -வெர்ஷன்' தன் பதிலை எரருக்கான தனி வழியாக அனுப்புகிறது, ஃபைலுக்குத் திருப்பும் சாதாரண அம்புக்குறி (>) அதைப் பிடிக்காது. கடைசியில் 2>&1 (எரர் வழியையும் அதே ஃபைலுக்குத் திருப்புவது) சேர்த்ததும் எல்லாம் வந்தது. பதினாறில் 8, நான்கில் 11. அந்த நான்கைத்தான் இந்த வாரம் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.