ஸோமாஸ்கேன்.டிபி: சீக்ஐடி கொடுத்தா ஒரு கீயும் செல்லாதுன்னு சொல்லுது

மார்த்தாண்டம்_ஆய்வு:
ஸோமாஸ்கேன்ங்கிற புரதம் அளக்கிற முறையில எடுத்த பிளாஸ்மா மாதிரிகளோட அடாட் கோப்பு (அளவு எல்லாம் இருக்கிற மூலக் கோப்பு), 7கே பேனல். அளவுல வித்தியாசம் காட்டின 312 அனலைட்டை (அளந்த பொருளை) பிரிச்சு வச்சிருக்கேன். ஒவ்வொண்ணுக்கும் ஜீன் சிம்பல், யூனிப்ராட் எண் (புரதத் தரவுத்தள எண்), ஜி.ஓ. (ஜீனோட வேலையைச் சொல்ற சொற்கள்) மூணும் வேணும். ஆர் மொழியில ஸோமாஸ்கேன்.டிபி-ங்கிற அனோட்டேஷன் பேக்கேஜைப் போட்டு செலக்ட் கட்டளை கொடுத்தா, இந்த ஆப்ஜெக்டுக்கு ஏத்த மெத்தடே இல்லைன்னு பிழை. ஆர்-ஐ மூடித் திறந்து மறுபடி ஓட்டினா பிழை மாறுது: கொடுத்த கீ எதுவும் புரோப்ஐடி-க்குச் செல்லாதாம். கீ, அதாவது ஒவ்வொரு அனலைட்டோட அடையாள எண்ணான சீக்ஐடி, எல்லாம் "சீக்.10000.28" மாதிரிதான் இருக்கு. பேக்கேஜ் கேடா, நான் கேடா?

வடசேரி:
பேக்கேஜ்ல ஒரு கேடும் இல்லை தம்பி. ரெண்டு பிழைக்கும் காரணம் வேற வேற.

முதல் பிழை டிப்ளையர் பேக்கேஜால வந்தது. அது உள்ள இருக்கிற டைடிவெர்ஸை அப்புறமா லோட் பண்ணினா அதோட செலக்ட் முன்னால வந்து நின்னுக்கிடும், உனக்கு வேண்டிய அனோட்டேஷன்டிபிஐ பேக்கேஜோட செலக்ட் மறைஞ்சுபோகும். லோட் பண்ற வரிசையை மாத்திச் சமாளிக்காதே, நாளைக்கு இன்னொரு ஸ்கிரிப்ட்ல திரும்ப மாட்டுவே. அனோட்டேஷன்டிபிஐ-ங்கிற பேக்கேஜ் பேர், ரெண்டு முக்காற்புள்ளி, அப்புறம் செலக்ட்னு எப்பவும் முழுசா எழுது.

ரெண்டாவது, கீயோட உருவம். நெடுவரிசைப் பேர் எண்ணுல தொடங்குறதையும் நடுவுல கோடு வர்றதையும் ஆர் ஏத்துக்காது. அதனால ஸோமாடேட்டாஐஓ பேக்கேஜ் அடாட்டைப் படிக்கும்போது "சீக்." ஒட்டி, கோட்டைப் புள்ளி ஆக்கிடும். ஸோமாஸ்கேன்.டிபி-யில புரோப்ஐடி-ன்னா வெறும் 10000-28 தான். திரும்ப மாத்த கெட்சீக்ஐடி-ன்னு அதே ஸோமாடேட்டாஐஓ-ல ஒரு ஃபங்ஷன் இருக்கு. ட்ரிம் வெர்ஷனை ட்ரூ-ன்னு கொடு. பழைய கோப்புல 10000-28_3-ன்னு பதிப்பு எண் வால் பிடிச்சு வரும், கையால ஜிசப் (எழுத்தை மாத்துற கட்டளை) எழுதினா அந்த வாலை விட்டுடுவே.

312-ஐயும் ஒண்ணா ஓட்டாம முதல்ல 10000-28 ஒண்ணை மட்டும் கேளு. சி.ஆர்.ஒய்.பி.பி.2, அதாவது பீட்டா கிரிஸ்டலின் பி2 வரணும். வந்தா வழி சரி.

தோவாளை:
இன்ஸ்டால் பண்ணவே முடியாம இங்க வர்றவங்களுக்கு: டவுன்லோடுக்கு ஆர் வச்சிருக்கிற கெடு 60 வினாடி. அனோட்டேஷன் பேக்கேஜ் பெருசு. மழைக்காலத்துல நம்ம ஊர் நெட்டுக்கு அது பத்தாது, பாதியில அறுந்துடும். ஆப்ஷன்ஸ்-ல டைம்அவுட்டை 600 ஆக்கிட்டு பயோக்மேனேஜர் வழியா இறக்குங்க.

மார்த்தாண்டம்_ஆய்வு:
அண்ணாச்சி, சி.ஆர்.ஒய்.பி.பி.2 வந்துட்டு! 312-ல 303 சரி, 9 இன்னும் செல்லாதுங்குது. இன்னொண்ணு, ஜி.ஓ.வும் சேத்துக் கேட்டா 303 வரி பல ஆயிரமாகுது. யூனிப்ராட் மட்டும் கேட்டாக்கூட ஒரே சீக்ஐடி-க்கு நாலஞ்சு எண் வருது. எதை எடுக்க?

குலசேகரம்_அக்கா:
ஜி.ஓ.வை மத்ததோட சேத்துக் கேட்கவே கேட்காதே. ஒரு ஜீனுக்கு எத்தனை ஜி.ஓ. சொல் உண்டோ அத்தனை வரி விழும். அதுகூட யூனிப்ராடும் சேந்தா பெருக்கல் கணக்குதான். தனி அட்டவணையா எடுத்து வச்சுக்கிடு.

யூனிப்ராட் விஷயம் வேற. இந்தப் பேக்கேஜ் என்ட்ரெஸ் ஜீன் எண்ணை நடுவுல வச்சு மத்த எண்ணுக்குப் போகுது. அந்த ஜீனோட சேந்த எல்லா யூனிப்ராட் எண்ணும் வரும், சரிபார்க்காத ட்ரெம்பிள் பதிவும் உள்பட. "இந்த ஆப்டமர் (புரதத்தைப் பிடிக்கிற டி.என்.ஏ. துண்டு) எந்தப் புரதத்துக்குன்னு செஞ்சது?"ங்கிறதுதான் உன் கேள்வின்னா விடை அடாட்லயே இருக்கு. ஸோமாடேட்டாஐஓ-வோட கெட்அனலைட்இன்ஃபோ ஓட்டி, யூனிப்ராட் நெடுவரிசையைப் பாரு. அங்க ஒரு கட்டத்துல ரெண்டு எண் இருந்தா பிழைன்னு நினைக்காதே. இன்டர்லூகின்-23 ரெண்டு சங்கிலி சேந்தது, அதனால பி29460, க்யூ9என்பிஎஃப்7 ரெண்டுமே வரணும்.

மேப்ஐடிஸ்-ங்கிற கட்டளை எளுப்பமா இருக்குன்னு அதுக்குத் தாவாதே. மல்ட்டிவால்ஸ் சொல்லலைன்னா முதல்ல கிடைச்சதை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை விட்டுடும். லிஸ்ட்-னு கொடுத்தா எல்லாம் தெரியும்.

நீ கேட்கலை, ஆனாலும் சொல்லுதேன்: ஒரே ஜீனுக்கு ரெண்டு சீக்ஐடி இருந்தா சராசரி போட்டு ஒண்ணாக்காதே. ரெண்டும் தனித்தனி ஆப்டமர், புரதத்தோட வேற வேற இடத்துல பிடிக்கலாம். கடைசி அட்டவணை வரைக்கும் சீக்ஐடி-தான் அடையாளம், சிம்பல் இல்லை.

அந்த 9-க்கு: கெட்அனலைட்இன்ஃபோ-ல டைப், ஆர்கனிசம் ரெண்டையும் பாத்துச் சொல்லு.

மார்த்தாண்டம்_ஆய்வு:
நாலு ஹைப்ரிடைசேஷன் கண்ட்ரோல் (புரதம் இல்லை, சோதனையைச் சரிபார்க்க வச்சது). மீதி அஞ்சு அதுல இல்லவே இல்லை. என் பட்டியல்ல ஒண்ணு "டிச-66"-ன்னு இருக்கு, மத்த நாலும் அதே தினுசு.

வடசேரி:
நடுவுல எக்செல்ல திறந்தியா?

மார்த்தாண்டம்_ஆய்வு:
ஆமா. மாத்தின ஐடி-யை சிஎஸ்வி-யா எழுதி, எக்செல்ல ஒரு தடவை பாத்து சேவ் பண்ணிட்டு, திரும்ப ஆர்-ல எடுத்தேன்.

வடசேரி:
அதான். 3066-12-ஐ எக்செல் 3066-ம் வருஷ டிசம்பர்னு படிச்சிருக்கு. கோட்டுக்கு முன்னால நாலு இலக்கம், பின்னால 1 முதல் 12 வரை இருக்கிற சீக்ஐடி எல்லாம் இப்படி மாட்டும். 10000-28-க்கு ஒண்ணும் ஆகாது, அது தேதியா ஆக வழியில்லை. அதனாலதான் 303 தப்பிச்சுது. சிஎஸ்வி-யா சேவ் பண்ணினதால நூற்றாண்டு போயாச்சு. 66-ன்னா 2066-ஆ, 3066-ஆன்னு அந்தக் கோப்பை வச்சு இனி சொல்ல முடியாது. அதைத் திருத்த உக்காராதே. மூல அடாட்ல இருந்து திரும்ப எடு, ஆர்டிஎஸ்-ஆ (ஆர்-ஓட சொந்தக் கோப்பு வடிவம்) சேமி. எக்செல்ல பாத்தே ஆகணும்னா "சீக்." ஒட்டின பேரோடயே அனுப்பு, அதை அது தொடாது.

கண்ட்ரோல் நாலும் பட்டியலுக்குள்ள வந்ததே தப்பு. டைப் புரோட்டீன், ஆர்கனிசம் மனிதன்னு முதல்லயே வடிகட்டிட்டு வித்தியாசக் கணக்கைத் திரும்ப ஓட்டு. எத்தனை சோதனைங்கிற எண்ணிக்கை மாறினா திருத்தின பி-மதிப்பும் மாறும்.

மார்த்தாண்டம்_ஆய்வு:
பழைய பட்டியலையே ஆர்டிஎஸ் வழியா ஓட்டிப் பாத்தேன். கண்ட்ரோல் நாலு போக 308-ம் வந்துட்டு. வடிகட்டி முதல்ல இருந்து ஓட்டிட்டிருக்கேன். கரண்ட் இருந்தா ராத்திரிக்குள்ள முடியும்.