தண்ணீர்த் தொட்டி கன்னி மூலையில் இருக்கிறது, சோலார் பேனலை எங்கே வைப்பது? (மதுரை)

மாடக்குளத்தான்:
வணக்கம். 3 கிலோவாட் சோலார் போடப் போகிறோம். மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் கிடைக்கும் என்பதால் அந்த அளவோடு நிறுத்திக்கொண்டோம். 540 வாட் பேனல் ஆறு.

மொட்டைமாடி கிழக்கு மேற்காக 30 அடி, தெற்கு வடக்காக 40 அடி. தென்மேற்கில், அதாவது கன்னி மூலையில், மாடிப்படி அறை, அதன் மேல் 1000 லிட்டர் தொட்டி. தளத்திலிருந்து தொட்டியின் தலை வரை 13 அடி இருக்கும். போட வருபவர் போன வாரம் வந்து பார்த்தார். மாடிப்படி அறையை ஒட்டி வடக்கே பேனல், அதே அறையின் மேற்குச் சுவரில் வெளியே இன்வெர்ட்டர், கீழே படிக்கட்டுக்கு அடியில் உள்ள அலமாரியில் இரண்டு டியூபுலர் பேட்டரி என்று சொன்னார். மதியம் 12 மணிக்கு நானும் நின்று பார்த்தேன், அந்த இடத்தில் நிழலே இல்லை. ஆனாலும் மனசுக்குள் ஏதோ இடிக்கிறது. சரியா?

பழங்காநத்தம் வாசி:
இன்வெர்ட்டரை மேற்குச் சுவரில் மாட்ட விடாதீர்கள். சித்திரை வெயில் மூன்று மணிக்கு அந்தச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், புரியும். சூடு ஏறினால் இன்வெர்ட்டர் தானாகவே உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும்.

மார்கழி நிழல்:
தம்பி, நீங்கள் பார்த்தது ஆனி மாத நிழல். அதை நம்பித்தான் நானும் ஏமாந்தேன்.

மதுரையில் சித்திரை தொடக்கத்திலிருந்து ஆவணி முதல் பாதி வரை நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். அப்போது தொட்டியின் நிழல் தெற்கே விழும். அப்புறம் சூரியன் தெற்கே போய்விடும், நிழல் வடக்கே திரும்பும். டிசம்பர் கடைசியில் நடுப்பகலில்கூட சூரியன் சுமார் 57 பாகை உயரத்தில்தான் இருக்கும். கணக்கு எளிது: பொருளின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிழல். உங்கள் 13 அடிக்கு எட்டரை அடிக்கு மேல் வடக்கே நீளும். மூன்றேகால் மணிக்கு உயரத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, அதாவது 18 அடிக்கு மேல், அதுவும் வடகிழக்கு நோக்கி. அவர் காட்டிய இடம் முழுக்க அதற்குள் வந்துவிடுகிறது.

ஆறு பேனலும் ஒரே சரமாகக் கோக்கப்படும். ஒன்றின் மூலையில் நிழல் விழுந்தாலும் அந்தச் சரமே தடுமாறும். நிழல் பட்ட பகுதியைத் தாண்டி மின்சாரத்தைக் கடத்திவிடும் பைபாஸ் டயோடு ஓரளவு காப்பாற்றும், ஆனால் நிழல் பட்ட பகுதியின் மின்சாரம் போனது போனதுதான். எங்கள் வீட்டில் மற்ற மாதங்களில் நாளுக்கு 12, 13 யூனிட் வரும், மார்கழியில் 8. எதிர்வீட்டில் அதே 3 கிலோவாட், அதே வெயில், 11 வந்தது. போட்டவர்களைக் கேட்டால் மேகம் என்றார்கள். எதிர்வீட்டுக்கு மட்டும் மேகம் வராதா?

அதனால் பேனலை மாடியின் வடக்கு ஓரத்துக்குத் தள்ளுங்கள். தெற்கு பார்த்து, 10 பாகைச் சாய்வு போதும். கேபிள் 25 அடி கூடும் என்பார்கள். 4 சதுர மில்லிமீட்டர் கேபிளில் அதனால் ஆகும் இழப்பு ஒரு சதவீதம்கூட வராது.

மாடக்குளத்தான்:
ரொம்ப நன்றி அண்ணா. வடக்கு ஓரத்தில் இரண்டு சிக்கல். பக்கத்து வீட்டுத் தென்னை வடமேற்கில் நிற்கிறது. இன்னொன்று அப்பா. ஈசானியத்தில், அதாவது வடகிழக்கில், பாரம் ஏற்றக் கூடாது என்கிறார்.

மார்கழி நிழல்:
தென்னையின் நிழல் ஆனி, ஆடி சாயங்காலத்தில் கொஞ்சம் வரும், பெரிய நஷ்டம் இல்லை. மட்டை விழும் தூரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ஆறு பேனலும் சேர்ந்து 170 கிலோ அளவுதான். தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டும் ஒரு டன். பாரம் இன்னமும் கன்னி மூலையில்தான் அதிகம்.

ஓய்வுபெற்ற ஒயர்மேன்:
பேட்டரியைப் பற்றி யாரும் பேசவில்லையே. டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும், மூடிய அலமாரியில் அது தேங்கும். படிக்கட்டுக்குப் பக்கத்தில் பூஜை அறை இருந்தால் இன்னும் மோசம், விளக்கு எரியும் இடம் அது. காற்றோட்டமான, வெயில் படாத இடம் வேண்டும். மாதம் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் மட்டம் பார்க்கக் கை நுழைய வேண்டும். ஒன்று 60 கிலோ இருக்கும், மாடிக்குத் தூக்காதீர்கள். இன்வெர்ட்டரையும் கீழேயே, ஈபி மீட்டருக்குப் பக்கத்தில் நிழலான சுவரில் வையுங்கள். பேட்டரி வேண்டாம் என்று முடிவு செய்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: வெறும் ஆன்கிரிட் (பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு மட்டும் இணைந்தது) என்றால் கரண்ட் போகும்போது சோலாரும் நின்றுவிடும். நம் சோலார் மின்சாரம் ஈபி கம்பிக்குள் போனால் கம்பத்தில் வேலை செய்பவர் உயிருக்கு ஆபத்து, அதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

எர்த்து மூன்று தனித்தனியாகக் கேளுங்கள்: பேனல் பக்கம் டிசி, வீட்டு லைன் பக்கம் ஏசி, இடிதாங்கி.

பழங்காநத்தம் வாசி:
தட்டு ஓடு பதித்த தளமா? துளை போட்டு போல்ட் அடித்தால் ஐப்பசி மழைக்கு ஒழுகும். கான்கிரீட் கட்டை போட்டு அதன் மேல் ஸ்டாண்டு நிறுத்தச் சொல்லுங்கள். ஆடிக் காற்று தாங்கும் அளவுக்குக் கட்டை கனமாக இருக்கட்டும்.

மாடக்குளத்தான்:
டேப் வைத்து அளந்து, சுண்ணக்கட்டியால் மார்கழி நிழலைத் தளத்தில் வரைந்து காட்டினேன். போட வருபவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வடக்கு ஓரத்துக்கு ஒத்துக்கொண்டார். பேட்டரி கீழே பின்வராந்தாவில். அப்பா ஒரு டன் கணக்கைக் கேட்டுச் சிரித்துவிட்டார். இப்போது அம்மாதான்: துணிக்கொடி அந்தப் பக்கம்தான் கட்டியிருக்கிறது.

மார்கழி நிழல்:
ஸ்டாண்டை ஏழு அடிக்கு உயர்த்தினால் கீழே கொடி கட்டலாம், செலவும் காற்றின் இழுப்பும் கூடும். வடகம் மட்டும் அங்கே காயாது. அதைத் தெற்குப் பக்கம் கொண்டுபோகச் சொல்லுங்கள்.