புது பெயின்ட் வாசனையில் கவிழப் பார்த்தோம்

போன மாதம் புறநகரில் ஒரு தனி வீடு பார்க்கப் போனோம். பழைய வீடுதான், ஆனால் முழுக்கப் புதுப்பித்தாகிவிட்டது, சாவியை வாங்கிக்கொண்டு நேராகக் குடிபோகலாம் என்றார் புரோக்கர். உள்ளே நுழைந்ததுமே என் மனைவிக்குப் பிடித்துவிட்டது, எனக்கும்தான், பொய் சொல்வானேன். வெள்ளைச் சுவர், முகம் தெரியும் தரை, ஹாலில் ஃபால்ஸ் சீலிங், அதற்குள் மஞ்சள் விளக்கு. முன்பணம் எவ்வளவு புரட்டலாம் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தாயிற்று.

முதலில் உறுத்தியது படுக்கையறைக் கதவு. சாத்தும்போது தரையில் கீச்சென்று தேய்த்தது. மற்ற கதவுகளைக் குனிந்து பார்த்தால் எல்லாவற்றின் அடியையும் அறுத்திருக்கிறார்கள், அறுத்த இடத்தில் பெயின்ட் கூட இல்லை, வெறும் மரம். பழைய டைல்ஸைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புதுசை ஒட்டியிருக்கிறார்கள், தரை உயர்ந்துவிட்டது, கதவு இடிக்கிறது. மேலே ஒட்டுவதே தப்பு என்று சொல்ல மாட்டேன், அடியில் இருப்பது கெட்டியாக இருந்து அதற்கான பசையை முழுசாகப் பரப்பி ஒட்டினால் நிற்கும். இங்கே சாவிக்கொத்தால் தட்டிக்கொண்டே போனேன், அறையில் பாதிக்கு மேல் பொக்குச் சத்தம்.

அப்புறம் குளியலறை. அதன் தரை படுக்கையறையைவிடக் கொஞ்சமாவது இறங்கியிருக்கணும் இல்லையா, இங்கே இரண்டும் ஒரே மட்டம். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன், புரோக்கர் முகம் சுருங்கியது, இருந்தாலும் ஊற்றிவிட்டேன். கொஞ்சம் தண்ணீர் மூலையில் தேங்கியது, மீதி வடிகால் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாசலை நோக்கி வந்தது. வாட்டமே தலைகீழ். இதை மேல்பூச்சில் சரிசெய்ய வழியில்லை, தரையை முழுக்கப் பெயர்த்து நீர்த்தடுப்பு வேலையிலிருந்து மறுபடி ஆரம்பிக்கணும்.

அதே குளியலறைச் சுவரின் மறுபக்கம் ஹால். நாலு சுவரில் அந்த ஒன்றில் மட்டும் இடுப்பு உயரத்துக்கு மர டிசைனில் பிளாஸ்டிக் பலகை. அழகுக்குத்தான் சார் என்றார்கள். பலகை ஓரத்தில் விரலை விட்டுத் தடவினேன், மாவு மாதிரி வெள்ளையாக ஒட்டியது. ஓதம் ஏறி உப்புப் பூத்த சுவர், அதற்குத்தான் அந்தச் சட்டை.

இரண்டாம் தடவை எலக்ட்ரீஷியன் நண்பரை அழைத்துப் போனேன். மெயினை அணைத்து, வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒரு பிளக் பாயின்ட்டைக் கழற்றினார். முகப்பு மட்டும் புதுசு, உள்ளே பழைய வயர் இரண்டே இரண்டு. வெளியே மூன்று ஓட்டை, எர்த்துக்கான ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. அங்கே ஹீட்டர் மாட்டிக் குளித்திருப்போம், நினைத்தாலே குலை நடுங்குகிறது.

எதையும் தொடாமல் பழைய கோலத்திலேயே விற்றிருந்தால் ஒருவேளை வாங்கியிருப்பேன், பழுது கண்ணுக்குத் தெரிந்திருக்கும், அதற்கேற்ப விலை பேசியிருப்பேன். இப்போது அவர்கள் செய்த வேலைக்கும் காசு கொடுத்து, அதை உடைக்கவும் காசு கொடுக்கணும். உங்களில் யாராவது இப்படி வீடு பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

* * *

எங்கள் கதை சுவர். நாங்கள் பார்த்த வீட்டில் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்துவிட்டு ஓப்பன் கிச்சன் ஆக்கியிருந்தார்கள், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மாடிக்குப் போனால் அதற்கு நேர் மேலே இருக்கும் அறையில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். பட்டி பூசி மறைத்திருந்தார்கள், ஆனால் மொபைல் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பிடித்து அடித்தால் மேடு பள்ளம் எல்லாம் நிழலாகத் தெரிந்துவிடும். கூட வந்த எஞ்சினியர் பழைய வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார், எடுத்தது பாரம் தாங்கும் சுவர். பதிலுக்கு பீம் போட்டீர்களா என்று கேட்டதற்கு, கொத்தனார் பார்த்துச் செய்தார் என்றார்கள். எஞ்சினியர் அப்புறம் அந்த இடத்துக்குக் கீழே நின்று பேசவே இல்லை, எங்களையும் வெளியே கூப்பிட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

* * *

நீங்கள் தப்பித்தீர்கள். நாங்கள் வாங்கியே விட்டோம். வெயில் காலத்தில், அதுவும் பட்டப்பகலில் பார்த்து முடிவு செய்தது எங்கள் முட்டாள்தனம். முதல் பெருமழை வந்த மூன்றாம் நாள் ஃபால்ஸ் சீலிங்கில் பழுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. ஆள் வைத்துப் பிரித்தால், மேல்தளத்தில் ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே ஒரு பெயின்ட் டப்பாவைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். விளிம்பு வரை நிரம்பியிருந்தது.

* * *

டப்பா விஷயத்தை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அந்த வீட்டு ஹால் சீலிங்கைப் பிரித்துப் பார்க்கணும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.