ஆயிரம் பீடியும் ஒரு வெள்ளிக்காசும்

சபையில் பிரசங்கிக்கத் தொடங்கிய அனுபவத்தை மூன்று பேர் சொல்கிறார்கள்.

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒருவர்:

எங்கள் சபையில் புதிதாகப் பிரசங்கிப்பவனை ஞாயிறு ஆராதனையில் ஏற்றிவிட மாட்டார்கள். முதலில் வீட்டு ஜெபக்கூட்டம். முதல் தடவை, வேதாகமத்தில் ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கியத்தைப் புரட்டி, 'விசுவாசம்' வருகிற இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு வசனத்துக்கும் எல்லோரும் வேதாகமத்தைத் திருப்புவார்களே, அது மறந்துவிட்டது. நான் யாக்கோபு நிருபத்துக்கு வந்துவிட்டேன். முன்னால் இருந்த பெரியவர் இன்னும் ஆபகூக்கைத் தேடிக்கொண்டிருந்தார். மூன்றே அதிகாரம் உள்ள புத்தகம், பாவம், சட்டென்று எங்கே அகப்படும்? உபதேசியார் பிறகு சொன்னார்: "அடுத்த முறை ஒரே பகுதியை எடு தம்பி. அதை விட்டு வெளியே போகாதே."

எடுத்தேன். லூக்கா 15, காணாமற்போன வெள்ளிக்காசு. பத்துக் காசு வைத்திருந்தவள் ஒன்றைத் தொலைத்துவிட்டு, விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கித் தேடுகிறாள். "ஒரே ஒரு காசு! நாமாக இருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்போம்" என்று குரலை உயர்த்தினேன். ஒருவரும் தலையாட்டவில்லை.

கூட்டம் முடிந்ததும் அந்த வீட்டு அத்தை திண்ணையில் உட்கார்ந்து, பீடித் தட்டை மடியில் வைத்து இலை வெட்டத் தொடங்கினார். நிமிராமலே கேட்டார்: "அந்தக் காசு எவ்வளவு பெறும் தம்பி?"

ஏறக்குறைய ஒரு நாள் கூலி என்றேன். கத்தரி நின்றது.

"அப்படியென்றால் ஆயிரம் பீடி. அதிலும் கடையில் கழித்துப் போட்டது போகத்தான் மிச்சம். அதை யார் விடுவார்? பாயை உதறி, பானையை நகர்த்தி, விடியவிடியத் தேட மாட்டேனா?"

கூலிக் கணக்கு என் குறிப்பிலும் இருந்தது. ஆவிக்குரிய காரியம் இல்லையென்று நானேதான் அடித்திருந்தேன். இப்போதெல்லாம் முந்தின நாளே அந்தத் திண்ணைக்குப் போய் வேதபகுதியை வாசித்துக் காட்டிவிடுகிறேன்.

மதுரையிலிருந்து ஒரு சகோதரி:

பெண்கள் ஞாயிறுக்கு என்னைப் பேசச் சொன்னார்கள். சமையலறையில் நின்று பழகினேன். "பிரியமானவர்களே, விசுவாசியானவள் சோதிக்கப்படுங்கால்..." என்று தொடங்கியதுமே தங்கை எட்டிப் பார்த்து, "அக்கா, யாரைத் திட்டுகிறாய்?" என்று கேட்டாள். எங்கள் சபைப் போதகராக இருந்த பழைய ஐயருடைய குரல் என் தொண்டைக்குள் உட்கார்ந்திருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அதை இறக்க ஒரு வாரம் ஆயிற்று. 'சோதிக்கப்படுங்கால்' மட்டும் அன்றைக்கும் ஒரு முறை வந்துவிட்டது.

சென்னையிலிருந்து ஒருவர்:

நான் எடுத்தது அப்போஸ்தலர் 20, ஐத்திகு. பவுல் நெடுநேரம் பிரசங்கித்துக்கொண்டிருக்க, ஜன்னலில் உட்கார்ந்திருந்த வாலிபன் தூங்கி மூன்றாம் தளத்திலிருந்து விழுகிறானே, அதே பகுதிதான். அதை 45 நிமிடம் விளக்கினேன். முன்வரிசையில் என் அப்பா நன்றாகத் தூங்கிவிட்டார். தரைத்தளம் என்பதால் ஆபத்து ஒன்றுமில்லை.